புது ஊரில் வழி பழகுவது எப்படி

வேலைக்காக மூன்று நாடுகளுக்குக் குடிபோனவள் நான். ஒவ்வொரு முறையும் வீடு, வங்கிக் கணக்கு, விசா எல்லாம் எப்படியோ சரியாகிவிடும். ஊருக்குள் தனியாகப் போய்வரும் தைரியம்தான் கடைசியில் வரும். அது சீக்கிரம் வர நான் செய்பவை இவை.

விமானம் ஏறும் முன்பே அந்த ஊர் வரைபடத்தை போனில் இறக்கிவிடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் கார்டும் வேண்டாம், இணையமும் வேண்டாம். படம் போனுக்குள் இருந்தால் போதும். கூடவே, புது வீட்டு முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு காகிதத்தில் எழுதி பர்ஸில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு ராத்திரி, அந்தக் காகிதத்தை டாக்சிக்காரரிடம் நீட்டித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

வேலையில் சேரும் முன் அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அதுவும் வேலை நாளில், வேலைக்குப் போகும் நேரத்தில். நான் ஒரு ஊரில் விடுமுறை நாளன்று ஒத்திகை பார்த்தேன். 25 நிமிடத்தில் போய்விட்டேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் இரண்டு ரயில்களை விட்டு மூன்றாவதில்தான் கால் வைக்க முடிந்தது. முதல் நாளே தாமதம். கண் கலங்கிவிட்டது.

ரயிலில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திசையில்தான். நாம் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் பலகையில் இருக்காது, கடைசி நிலையத்தின் பெயர்தான் இருக்கும். அதனால் நம் தடத்தின் இரண்டு முனைகளையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். கார்டைத் தட்டி ஏறும் ஊர்களில், இறங்கும்போதும் தட்ட வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும் ஊர்கள் உண்டு. காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றித் தட்டாதீர்கள். ஒரே வங்கிக் கார்டுதான் என்றாலும் போனுக்குள் அதற்கு வேறு எண் இருக்கும். பல இடங்களில் இரண்டு பயணிகளாகக் கணக்காகி, ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கட்டணம் பிடிக்காத உச்சவரம்புச் சலுகை கைவிட்டுப் போகும்.

மெட்ரோ வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தை எடை போடாதீர்கள். 1933இல் லண்டனில் ஹாரி பெக் என்ற வரைவாளரின் மெட்ரோ வரைபடம் வந்தது. மின்சுற்று வரைபடம்போல நேர்கோடுகளாக, நிலையங்களைச் சீராக இடம்விட்டு வரைந்திருந்தார். இன்று உலகின் பல ஊர்களில் அந்தப் பாணிதான். எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது என்பதை அது அழகாகச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. லண்டனிலேயே லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்ற அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே 300 மீட்டர்கூட இல்லை.

உயரமான கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் போனில் நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். அங்கே புள்ளியை நம்பாமல் தெருமுனைப் பெயர்ப்பலகையைப் படியுங்கள்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. வண்டிகள் நமக்குப் பழகாத பக்கம் ஓடும் நாட்டில் சாலையைக் கடக்கும்போது, இரண்டு பக்கமும் இரண்டு தடவை பாருங்கள். தலை தானாகப் பழைய பக்கம்தான் திரும்பும். எனக்கு அந்தப் பழக்கம் இரண்டு மாதம் ஆகியும் போகவில்லை. ஒருமுறை பின்னாலிருந்த ஒரு பெண்மணி தோளைப் பிடித்து இழுத்ததால் தப்பினேன்.

கார் ஓட்டும் எண்ணம் இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உரிமம் தந்த நாட்டிலேயே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். 1949, 1968 ஆகிய ஆண்டுகளின் இரண்டு சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தங்களின்படி இரண்டு வகை உண்டு. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

சரி, இரண்டாவது வாரம் ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். மெட்ரோ வேண்டாம், பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புங்கள். சுரங்கத்தில் போனால் ஊர் தனித்தனிப் புள்ளிகளாகத்தான் மனதில் நிற்கும். பஸ்ஸில்தான் அவை ஒன்றுசேரும். நான் தினமும் ரயில் மாறிப் போய்க்கொண்டிருந்த நூலகம் என் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி இருந்தது, அப்படி ஒரு மதியம்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து நடந்தே போனேன்.