பயோடேட்டாவுக்குப் பதிலாக ஒரு பாடம்

தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 11 வருஷம் வேதியியல் எடுத்தேன். இணையவழிப் பாடம் தயாரிக்கும் வேலைக்கு மாறலாம் என்று பயோடேட்டா அனுப்பினால் பதிலே வராது. சான்றிதழ்தான் குறை என்று நினைத்து மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில், ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெலின் 12 வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். சேர்வது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். மதிப்பெண்ணில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டில் சிறந்த எட்டு அசைன்மென்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். காலாண்டு விடைத்தாள் திருத்திய வாரங்களில் அதனால்தான் தப்பித்தேன். சான்றிதழ் வந்தது. பதில் அப்போதும் இல்லை.

கோளாறு பயோடேட்டாவில் இருந்தது. "பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பெருமையாக எழுதியிருந்தேன். பள்ளிக்கு வெளியே அதை யார் சீந்துவார்கள்?

அதை எடுத்துவிட்டு, அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகான மோல் பற்றிய பாடத்தை மட்டும் முழுசாக எழுதி இணைத்தேன். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு டஜன் முட்டையில் தொடங்கினேன். பிறகு டம்ளரில் 18 கிராம் தண்ணீர், இதுதான் ஒரு மோல். நடுவே இரண்டு கேள்வி. தப்பாகச் சொன்னால் எந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புவது என்பதுவரை ஆறு பக்கம்.

அடுத்த மூன்று விண்ணப்பங்களில் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. முதல் வருஷம் பகுதிநேரம், ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது முழுநேரம். அம்மா மட்டும் இன்னும், "டீச்சர் வேலையைப் போய் விட்டுட்டியே" என்கிறாள்.