சீரிஸா, பேரலலா? கலர் பென்சிலை எடுங்கள்

பத்தாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் அறிவியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். படத்தில் ரெண்டு மின்தடை, ஒன்றின் கீழ் ஒன்று. "பக்கத்துல பக்கத்துல இருக்குண்ணே, அப்ப பக்க இணைப்புதானே?" என்றான். பேரலலைத்தான் பாடத்தில் பக்க இணைப்பு என்கிறார்கள், அந்தப் பெயரே பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது என் கட்சி. எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காதீர்கள், கரண்ட் போகிற வழி எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

மதுரை சித்திரைத் தேரோட்டத்தில் மாசி வீதிகளைச் சுற்ற ஒரே வழிதான். சுவாமி தேர் ஒரு முக்கில் நின்றுவிட்டால் பின்னால் வரும் அம்மன் தேரும் நிற்க வேண்டியதுதான். இது சீரிஸ், அதாவது தொடர் இணைப்பு. சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் போகும்போது வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலத்தை அடைத்திருந்தால் யானைக்கல் தரைப்பாலத்தில் இறங்கிப் போய்விடுவோம், தென்கரையில் பிரிந்த கூட்டம் வடகரையில் மறுபடி சேர்ந்துவிடும். இது பேரலல்.

சரி, படத்துக்கு வருவோம். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கம்பி மேல் சிவப்புப் பென்சிலை ஓட்டுங்கள், கம்பி எத்தனை கிளையாகப் பிரிந்தாலும் எல்லாக் கிளையிலும் அதே சிவப்புதான். மின்தடை குறுக்கே வந்தால் நிறுத்தி, தாண்டியதும் வேறு நிறம். இப்போது ரெண்டு மின்தடைக்கும் இரு முனையிலும் அதே ஜோடி நிறம் இருந்தால் பேரலல். ஒரு நிறம் மட்டும் பொதுவாக இருந்து, அந்த நிறத்தை வேறு எதுவும் தொடாமல் இருந்தால் சீரிஸ். நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பி வந்து ஒட்டினால் அது சீரிஸ் இல்லை, இங்கேதான் நிறையப் பேர் மார்க்கை விடுகிறார்கள். பையனின் படத்துக்கு நிறம் அடித்ததும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வந்தது. கம்பி பாம்பு மாதிரி வளைந்து கீழே இறங்குகிறது, அவ்வளவுதான், அது சுத்தமான சீரிஸ். 6 ஓமும் 3 ஓமும் சேர்ந்து 9. அவன் சொன்னபடி பேரலலாக இருந்திருந்தால் 2.

வீட்டில் ரெண்டும் உண்டு. ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் பேரலல், அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது, ஒன்றை அணைத்தால் மற்றது ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சும் அதன் லைட்டோடு சீரிஸ்.

அப்புறம் திருவிழா சீரியல் செட். பழைய குண்டு பல்பு மாலையில் ஒன்றைக் கழற்றினால் எல்லாம் அணைந்துவிடும். இப்போதைய எல்.ஈ.டி. மாலையில் பெரும்பாலும் சில சீரிஸ் வரிசைகளைப் பேரலலாகக் கோத்திருப்பார்கள், ஒரு துண்டு மட்டும் செத்துக் கிடக்க மிச்சம் ஜோராக மின்னும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சீரிஸ் மாலையில் பல்பைக் கழற்றிய ஓட்டையில் கரண்ட் செத்துவிட்டது என்று நினைத்து விரலை விடாதீர்கள். மாலையே இருட்டாக இருந்தாலும் முழு 230 வோல்ட்டும் அந்த இடைவெளியில்தான் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் கை வையுங்கள்.