கார் கண்காட்சியைப் பின் இருக்கையிலிருந்து பாருங்கள்

கார் கண்காட்சிக்குப் போகும்போது கைப்பையில் ஒரு தையல் அளவு நாடா இருக்கட்டும். 2025 ஜனவரியில் தில்லி பாரத் மண்டபத்தில் நடந்த ஆட்டோ எக்ஸ்போவுக்கு நான் இரண்டு முறை போனேன். முதல் முறை வெறுங்கையோடு போனேன். வெளிச்சமும் நெரிசலும்தான் நினைவில் நின்றன. இரண்டாம் முறை நாடாவோடு போய், மூன்று கார்களின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. காரில் பேத்தியின் பக்கத்தில், பின்னால்தான் உட்காருவார். அவர் சிரமமில்லாமல் ஏறி இறங்க ஒரு கார் வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தேவை இருக்கும். வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் போனால், மேடையில் சுழலும் கார் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். பொதுமக்களை அனுமதித்த நாட்கள் ஜனவரி 19 முதல் 22 வரை. 19 ஞாயிறு. ஒரு காரில் ஏற அரை மணி நேரம் வரிசையில் நின்றேன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தவர் கதவைத் திறந்துவிட்டார். 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ ஏறி, சுப்ரீம் கோர்ட் நிலையத்தில் இறங்கிப் போனேன். நிதானமாக எல்லாக் கதவுகளையும் திறந்து பார்க்க முடிந்தது.

கான்செப்ட் கார்களை, அதாவது இன்னும் விற்பனைக்கு வராத மாதிரிக் கார்களை, ஆசை தீரப் பாருங்கள். ஆனால் அவற்றை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். டாடா சியராவை மின்சாரக் கான்செப்டாக 2020 எக்ஸ்போவில் காட்டினார்கள். 2025இல் ஏறக்குறைய முழு வடிவத்தில் நின்றது. விற்பனைக்கு வந்ததோ அந்த ஆண்டு நவம்பரில். வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் விஎஃப் 7 என்ற மின்சாரக் கார் அங்கே நின்றபோது அதன் தூத்துக்குடி ஆலை திறக்கப்படவே இல்லை, ஆகஸ்டில்தான் திறந்தார்கள். தூத்துக்குடி எங்கள் ஊர். அந்தக் காரின் முன்னால் நான் கூடுதல் நேரம் நின்றதற்கு அதுவே காரணம்.

இனி பின் இருக்கை. எல்லோரும் ஓட்டுநர் இருக்கைக்குத்தான் முண்டியடிப்பார்கள், பின் கதவு காலியாக இருக்கும். அம்மா வலியில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலி 21 அங்குல உயரம்; வீட்டிலேயே அளந்து வைத்திருந்தேன். காரில் தரையிலிருந்து இருக்கை விளிம்பு வரை அளந்தேன். மிகத் தாழ்வாக இருந்தால் எழுவது கஷ்டம், மிக உயரமாக இருந்தால் ஏறுவது கஷ்டம். அடுத்து, கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கதவடிச் சட்டத்தைத் தாண்டக் காலை எவ்வளவு தூக்க வேண்டும் என்று பாருங்கள். இதை அளப்பதோடு விடாமல், முழங்காலை மடக்காமல் நீங்களே ஏறிப் பாருங்கள்.

மின்சாரக் கார்களில் இன்னொன்றும் உண்டு. பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பல கார்களில் உள்தளம் சற்று உயர்ந்திருக்கிறது. இருக்கை அதற்கேற்ப உயராவிட்டால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் கிடைக்காது. ஐந்து நிமிடத்தில் இது தெரியாது. நான் ஒரு காரில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இடுப்பு சொல்லிவிட்டது.

டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். அம்மா பிடித்து நடக்கும் வாக்கரை மடித்து, அதன் நீளத்தை நாடாவில் பேனாவால் குறித்திருந்தேன். ஓர் அரங்கில் ஸ்டெப்னி உண்டு என்று உறுதியாகச் சொன்னார்கள். டிக்கியின் பலகையைத் தூக்கினேன், பஞ்சர் ஒட்டும் பெட்டிதான் இருந்தது. வயதானவரோடு இரவில் நெடுஞ்சாலையில் நிற்கப்போவது நாம்தான். பலகையைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

ஒரே காரை வசதிகளுக்கேற்பப் பல வேரியன்ட்களாக விற்பார்கள்; அங்கே நிற்பது பெரும்பாலும் விலை உயர்ந்த வேரியன்ட். "நான் வாங்கக்கூடிய வேரியன்டில் இதில் எதெல்லாம் இருக்காது?" என்று கேளுங்கள். சன்ரூஃப் உள்ள காரில் தலைக்கு மேலே இடம் குறையலாம். பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம், பின்னால் நடுவில் உட்காருபவருக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா என்பதையும் கேளுங்கள். ஹூண்டாய் அந்தக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கிரெட்டா எலக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி ஒரு முழு சார்ஜில் 473 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். இது சோதனைக்கூட அளவீட்டில் வந்த எண். நெடுஞ்சாலை வேகத்திலும் தில்லிக் குளிரிலும் குறையும். எந்த மின்சாரக் காருக்கும் நான் முக்கால் பங்கைத்தான் கணக்கில் வைக்கிறேன்.

படம் எடுக்கும்போது முதலில் பெயர்ப்பலகை, பிறகு கார். இல்லையென்றால் இரவில் எந்த டிக்கி எந்தக் காருடையது என்று தெரியாது.

அந்த மூன்று பெயர்களோடு அம்மாவை ஷோரூம்களுக்கு அழைத்துப் போனேன். முதல் காரில் உட்கார்ந்ததும் அவர் கை கதவுக்கு மேலே பிடியைத் தேடியது. பிடி இல்லை. அதை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். உங்கள் குறிப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.