பிஎல்சி நெட்வொர்க்கையும் அலுவலக நெட்வொர்க்கையும் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் நெட்வொர்க்கையும் அலுவலக நெட்வொர்க்கையும் பிரித்துவிட்டோம் என்று சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: அலுவலகத்திலிருந்து பிஎல்சிக்குப் போகும் வழி எத்தனை, அவை எந்தப் பெட்டி (ஃபயர்வால், ரவுட்டர்) வழியாகப் போகின்றன? உடனே பதில் வராவிட்டால் அங்கே பிரிவினை இல்லை.

பிரிப்பது ஹேக்கருக்குப் பயந்து மட்டுமல்ல. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் பேக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) அளவுக்கு மீறிக் குவிந்ததால் பம்புகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் கன்ட்ரோலர்கள் செயலிழந்தன. உலையைக் கையால் நிறுத்த வேண்டியதாயிற்று. பிஎல்சி மற்ற சாதனங்களோடு பேசும் ப்ரோஃபிநெட் என்ற முறையில் அப்டேட் நேரம் 2 மில்லிசெகண்ட் என்றால், இயல்பான அமைப்பில் 3 அப்டேட் தவறினாலே, அதாவது 6 மில்லிசெகண்டில், ஐஓ (சென்சார், வால்வு போன்றவற்றின் உள்ளீடு-வெளியீடு) தொடர்பு அறுந்து மெஷின் நிற்கும். அலுவலகத்தில் யாரோ ஸ்விட்சில் ஒரு கேபிளை லூப்பாகச் செருகி, அதில் பேக்கெட்டுகள் சுற்றிக் குவிந்ததற்கு உற்பத்தி நிற்கக் கூடாது.

அதிகம் பார்க்கும் தவறு, பிஎல்சியில் இருக்கும் இரண்டு ஈதர்நெட் போர்ட்டை இரண்டு நெட்வொர்க் என்று நம்புவது. சீமென்ஸின் எஸ்7-1500 பிஎல்சியில் எக்ஸ்1 என்ற இன்டர்ஃபேஸின் இரண்டு போர்ட்டும் உள்ளேயே ஒரு ஸ்விட்ச். ஒன்றில் அலுவலகக் கேபிளையும் மற்றதில் ஐஓவையும் செருகினால் இரண்டையும் நீங்களே இணைத்துவிட்டீர்கள். 1516 போன்ற மாடல்களில் உள்ள எக்ஸ்2தான் தனி இன்டர்ஃபேஸ்.

விலேன் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் அமைப்பு) போட்டதோடு நிறுத்துவது அடுத்த தவறு. எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட்டை விலேன் தடுக்கும். ஆனால் ரவுட்டர் வேலையும் செய்யும் லேயர் 3 ஸ்விட்சில் இரண்டு விலேனுக்கும் ரவுட்டிங் ஓடிக்கொண்டிருந்தால், எதைத் தடுப்பது என்று விதி எழுதாதவரை எல்லாம் கடந்து போகும்.

இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட ஸ்காடா (மெஷின்களைக் கண்காணிக்கும் மென்பொருள்) கணினியை நடுவில் வைப்பதும் அப்படித்தான். அதில் புகுந்த மால்வேருக்கு இரண்டு பக்கமும் திறந்த வீடு. உடனே மாற்ற முடியாவிட்டால் டிஃபால்ட் கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரி) ஒரு கார்டில் மட்டும் கொடுங்கள். இரண்டிலும் கொடுத்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். காரணம் தேடியே நாள் போய்விடும்.

ஃபயர்வால் விதியில் கவனம் அதிகம் வேண்டும். ‘எல்லாம் அனுமதி’ என்று தற்காலிகமாக எழுதுவது அப்படியே தங்கிவிடும். மூல ஐபி ஒன்று, இலக்கு ஐபி ஒன்று, போர்ட் எண் ஒன்று என்று எழுதுங்கள். பிஎல்சியோடு பேசும் முறைகளில் மாட்பஸ் டிசிபிக்கு 502, எஸ்7க்கு 102, ஓபிசி யுஏவுக்குப் பொதுவாக 4840. இதுவும் போதாது. சாதாரண மாட்பஸ் டிசிபியில் கடவுச்சொல் கிடையாது. படிப்பதும் எழுதுவதும் அதே 502 வழியாகத்தான். ரிப்போர்ட்டுக்காகத் திறந்த வழியில் செட்பாயின்ட்டையும் (மெஷினுக்குக் கொடுத்த இலக்கு மதிப்பு) மாற்றலாம். மாட்பஸ் கட்டளை எண்களான ஃபங்ஷன் கோடு 5, 6, 15, 16 போன்ற எழுதும் கட்டளைகளைத் தடுக்கும் தொழிற்சாலை ஃபயர்வால் வேண்டும். அதைவிட நல்லது, மெஷின் பக்கத்திலிருந்தே தரவை இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவே தனியாக வைத்த இடைப்பகுதி சர்வருக்கு அனுப்பிவிடுவது. அலுவலகம் அந்தச் சர்வரைப் படிக்கட்டும், பிஎல்சியைத் தொட வேண்டாம்.

ஒரே மாதிரி ஐந்து மெஷின் வந்தால் ஐந்திலும் பிஎல்சியின் முகவரி 192.168.0.1 ஆகவே இருக்கும். அந்த முகவரிகளை மாற்ற ஆரம்பித்தால் எச்எம்ஐ (ஆபரேட்டர் திரை), டிரைவ், ஐஓ என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். மெஷினுக்கு ஒன்றாக, உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றித் தரும் நாட் (NAT) ரவுட்டர் போட்டு, பிஎல்சிக்கும் எச்எம்ஐக்கும் மட்டும் 1:1 வெளி முகவரி கொடுங்கள். இங்கே பலர் மறப்பது பிஎல்சியில் கேட்வே முகவரி. அது காலியாக இருந்தால் கோரிக்கை உள்ளே போகும், பதில் வெளியே வராது. ரவுட்டரின் மெஷின் பக்க ஐபியை அதில் கொடுங்கள். ரவுட்டருக்கு வெளியிலிருந்து ப்ரோஃபிநெட் ஸ்கேன் செய்தால் சாதனம் தெரியாது. அது கோளாறல்ல, அந்தத் தேடல் ரவுட்டரைத் தாண்டாது. ஐபியை நேரடியாக அடித்து இணையுங்கள்.

மெஷின் தயாரிப்பாளர் பேனலுக்குள் வைத்துவிட்டுப் போன சிம் மோடத்தையும் தேடுங்கள். அது உங்கள் ஃபயர்வாலுக்குப் பின்னால் திறந்திருக்கும் இன்னொரு வாசல். சாவி சுவிட்ச் வைத்து, சர்வீஸ் நேரத்தில் மட்டும் அதற்கு மின்சாரம் கொடுங்கள்.

கடைசியாக, திட்டமிட்ட நிறுத்த நாளில் உற்பத்தித் தலைவரிடம் சொல்லிவிட்டு, மெஷினை ஓட்டியபடி அலுவலகப் பக்கக் கேபிளைக் கழற்றுங்கள். ஒரு முழுச் சுழற்சி ஓட்டி, ரெசிபியையும் (பொருளுக்கேற்ற அமைப்பு மதிப்புகள்) மாற்றிப் பாருங்கள். எச்எம்ஐ உறைந்தால் அது நம்பியிருப்பது பெரும்பாலும் ரெசிபி சர்வர், லைசென்ஸ் சர்வர், பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இவற்றில் ஒன்றாக இருக்கும். அதை மெஷின் பக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு மறுபடி கழற்றிப் பாருங்கள்.