வடசென்னையில் சாப்பிட வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற உறவினர்கள் முதலில் கேட்பது, "வடசென்னையில் நல்ல கடை எது, பேர் சொல்லுங்க" என்றுதான். பேரைவிட நேரத்தைக் கேட்பது நல்லது. இங்கே பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. பலகை இருக்கிற கடையும் நாள் முழுக்கத் திறந்திருக்காது. காலையில் இட்லிப் பானை வைக்கிற திண்ணை பத்து மணிக்கு வெறும் திண்ணை. மதியம் பிரியாணி அண்டா நின்ற இடத்தில் மாலை பஜ்ஜி வண்டி நிற்கும். கூகுளில் நட்சத்திரம் எண்ணிவிட்டு மதியம் மூன்றரைக்குப் பிரியாணி தேடிப் போனால், அண்டாவின் அடியில் ஒட்டிய குஸ்காதான் கிடைக்கும்.

வடசென்னை என்று நான் சொல்வது பாரிமுனையில் தொடங்குகிறது. மண்ணடி, சவுகார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் வரைக்கும் ஒரு பக்கம். மேற்கே புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர். காரில் வராதீர்கள். நிறுத்த இடமும் கிடைக்காது, தெருவுக்குள் நுழையவும் முடியாது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நீலத் தடத்தில் ஏறினால் மாறாமலே உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் வரும். 2021-இல் அந்தத் தடம் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூர் போவதும் சுலபம். இறங்கி நடங்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடியுங்கள்.

காலை நாஷ்டாவுக்கு ஓட்டல் வேண்டாம், தெருவில் ஆயா கடை தேடுங்கள். வீட்டு வாசலில் ஒரு விறகடுப்போ கேஸ் அடுப்போ, இட்லிப் பானை, பக்கத்தில் ஆப்பச்சட்டி, ஒரு வாளி சாம்பார், அவ்வளவுதான். ஆறு, ஆறரைக்குத் தொடங்கி மாவு தீர்ந்ததும் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சில இடங்களில் இட்லிக்கு ஆட்டுக்கால் பாயாவோ போட்டிக் குழம்போ ஊற்றுவார்கள். போட்டி என்றால் ஆட்டுக்குடல். பழக்கமில்லாதவர்கள் முதலில் குழம்பை மட்டும் ஊற்றச் சொல்லிப் பார்க்கலாம். தட்டில் வாழையிலைத் துண்டு போட்டுத்தான் வைப்பார்கள், சாப்பிட்டதும் இலையை நீங்களே எடுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கையில் காசு குறைவு என்றில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நாள் அம்மா உணவகத்துக்கும் போகலாம். மாநகராட்சி 2013-இல் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. ருசியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரிசையில் மூட்டை தூக்குகிறவரும் கல்லூரிப் பையனும் கைக்குழந்தையோடு அம்மாவும் நிற்பார்கள். நீங்களும் டோக்கன் வாங்கிக்கொண்டு நில்லுங்கள்.

மீனுக்குக் காசிமேடு. ஞாயிறு விடியற்காலையில் துறைமுகத்துக்குள் நடக்கவே இடமிருக்காது; வேடிக்கை பார்க்க அதுதான் நேரம், நிதானமாக வாங்க வாரநாள். வாங்கிய மீனை அங்கேயே அரிந்து கழுவிக் கொடுக்கப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதற்குத் தனிக்கூலி. பொரித்து விற்கிற கடைகள் மாலையில்தான் சூடு பிடிக்கும். மசாலா தடவிய சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, கடம்பா, இறால் எல்லாம் தட்டில் அடுக்கியிருக்கும். கை நீட்டுவதற்கு முன் விலை கேளுங்கள், முக்கியமாக வஞ்சிரத்துக்கு. துண்டின் அளவைப் பொறுத்து விலை மாறும், பொரித்து முடித்த பிறகு கேட்பது சங்கடம். மீனைப் பார்ப்பதோடு சட்டியில் எண்ணெயையும் பாருங்கள். கறுத்து, நுரைத்துக்கொண்டிருந்தால் பேசாமல் அடுத்த கடைக்கு நகருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சிறு படகுகள் போகும், மீனும் கிடைக்கும், ஆனால் வகை குறைவு, விலை அதிகம், ஐஸில் வெளியூரிலிருந்து வந்ததும் கலந்திருக்கும். பள்ளி விடுமுறையை நம்பி மே மாதம் வருகிறவர்கள் காசிமேட்டை மனக்கணக்கிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

மதியம் பிரியாணி. பன்னிரண்டு மணி சுமாருக்குத் தம் உடைப்பார்கள். மூடியைத் தூக்கி, ஓரத்திலிருந்து கரண்டியை அடிவரை விட்டு ஒரு புரட்டுப் புரட்டும்போது பக்கத்தில் நின்றால் போதும், எந்தக் கடைக்குக் கூட்டம் வரும் என்று மூக்கே சொல்லிவிடும். குளிர்சாதன வசதியோடு ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பிரியாணிக் கடைகள் இங்கேயும் வந்துவிட்டன. அதை நீங்கள் இருக்கிற ஊரிலேயே சாப்பிடலாம். புளியந்தோப்பு, ராயபுரம், மண்ணடிப் பக்கம் தெருவில் அண்டா வைக்கிற பாய் கடைகளுக்குப் போங்கள். ஃபுல், ஹாஃப் என்று கேட்க வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கே ஹாஃப் போதும். கறி வேண்டாம், சோறு மட்டும் போதும் என்றால் குஸ்கா. அதிலும் கறிச்சாறு இறங்கியிருக்கும் என்பதால் சைவக்காரர்கள் குஸ்காவை நம்ப வேண்டாம். கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் தானாகவே வரும். கத்தரிக்காய் தீர்ந்துபோவதற்குள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பீஃப் பிரியாணி இங்கே ஒளித்து விற்கிற பண்டமல்ல. பலகையில் பெரிதாக எழுதியே இருக்கும், விலையும் குறைவு, பலருக்கு அதுதான் தினசரி மதியச் சாப்பாடு. சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே வறுத்துத் தருகிற பீஃப் ஃப்ரையையும் சேர்த்து வாங்குங்கள். சாப்பிடாதவர்கள் உட்காருவதற்கு முன் "என்ன கறி பாய்?" என்று கேட்டால் போதும், நேராகச் சொல்லிவிடுவார்கள்.

வெயில் காலத்தில் பிரியாணியே வேண்டாம் என்று தோன்றும் நாட்கள் வரும். அப்போது கூழ் வண்டி. கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ மோர் விட்டுக் கரைத்துச் சொம்பில் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாங்காய், வத்தல், சில வண்டிகளில் வறுத்த கருவாடு. ஆடி மாதம் வருகிறவர்களுக்கு அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதே கிடைக்கும்.

இனி மாலை. ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் நான் அனுப்புவது பர்மா பஜாருக்குப் பின்னால் இருக்கிற செகண்ட் லைன் பீச் சாலைக்குத்தான். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் அங்கேதான். பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு வருடத்தில் கடை கண்ணிகளை அரசுடைமை ஆக்கியதும், தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறி வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பிழைப்புக்காக 1969-இல் வந்ததுதான் பர்மா பஜார். வியாசர்பாடியிலும் அவர்கள் குடியேறினார்கள், அங்கேயும் நல்ல அத்தோ கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற உங்களுக்கு முன்னாலேயே வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் சாப்பாடு இது.

கடைக்காரர் முன்னால் ஓர் எவர்சில்வர் பேசின். அதில் ஒரு பிடி ஆரஞ்சு நிற நூடுல்ஸ் விழும். மேலே பொடியாக அரிந்த முட்டைகோஸ், பச்சை வெங்காயம், முறுகப் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய் ஒரு கரண்டி, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி. கடைசியில் பேஜோ என்கிற தட்டையை உள்ளங்கையில் நொறுக்கிப் போட்டு, கையாலேயே நாலு பிசை பிசைந்து தட்டில் தள்ளிவிடுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்தில் கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப், மிளகு காரத்தோடு. தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள், அதற்குக் காசில்லை. அத்தோவோடு மசாலா முட்டை ஒன்று கட்டாயம். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தைத் திணித்து, பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் தெளித்துத் தருவார்கள். நாகரிகமாகக் கடித்தால் எல்லாம் சட்டையில்தான். முழுசாக வாயில் போடுங்கள்.

வயிற்றுக்குப் பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதில்தான். அத்தோவில் சேரும் பல பொருள்கள் பச்சை, பிசைவது கை. வந்து இறங்கிய முதல் இரண்டு நாட்களில் அது வேண்டாம். அதற்குப் பதில் அத்தோ ஃப்ரை கேட்டால் இரும்புக்கல்லில் போட்டுக் கிளறித் தருவார்கள். மொய்ங்கா கேட்டால் நூடுல்ஸ் மேல் கொதிக்கிற வாழைத்தண்டுச் சாறு ஊற்றித் தருவார்கள். ருசியில் அத்தோவுக்குக் கொஞ்சம் கீழேதான், ஆனாலும் முதல் நாளுக்கு அதுவே உத்தமம்.

சவுகார்பேட்டை வேறு உலகம். மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் வாழும் பகுதி என்பதால் சாப்பாடு பெரும்பாலும் சைவம். வெங்காயம், பூண்டு இல்லாமல் கேட்டாலும் பல இடங்களில் கிடைக்கும். மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபி, பாதாம் பால். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டரில் நெய்யும் பொடியும் மிதக்கிற இட்லி, ஊத்தப்பம். அது சாயங்காலக் கடை, காலையில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். சவுகார்பேட்டைத் தெருக்கடைகளில் முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று தருவார்கள், இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி. ஒரு தடவை சாப்பிடலாம். ரம்ஜான் மாதத்தில் வந்தால் ஒரு சாயங்காலத்தை மண்ணடிக்குக் கொடுங்கள். பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியை எந்த மதத்துக்காரர் வந்து கேட்டாலும் ஊற்றுவார்கள்.

பொதுவாகச் சில விஷயங்கள். வெந்து இறங்குவதை, கண்முன்னே பொரிவதைச் சாப்பிடுங்கள். ஆறிப்போன தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த பழம், பார் ஐஸ் உடைத்துப் போட்ட ஜூஸ் மூன்றையும் தள்ளி வையுங்கள். மசாலாவால் வயிறு கெடுவது குறைவு, இந்த மூன்றால் கெடுவதுதான் அதிகம். மேஜையில் வைத்த ஜக்குத் தண்ணீர் வேண்டாம், சீல் உடையாத பாட்டில் வாங்குங்கள். பன்னீர் சோடா அதைவிடச் சந்தோஷம். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றிக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு இருக்கட்டும்.

பணத்துக்கு எல்லா வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்கும். என்.ஆர்.ஐ. வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் போன்ற சில நாட்டுக் கைபேசி எண்களிலேயே யு.பி.ஐ. என்கிற கைபேசிப் பணவசதியை வைத்துக்கொள்ள வங்கியில் கேட்கலாம். கணக்கே இல்லாதவர்கள் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். காலை ஏழு மணிக்கு ஆயாவிடம் ஐந்நூறு நீட்டினால் சில்லறைக்கு எங்கே போவார்? போன பயணத்தில் மிச்சம் வைத்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டு 2023-லேயே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது, எந்த வண்டியிலும் வாங்க மாட்டார்கள்.

பேச்சைப் பற்றிக் கோவைக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் தயாராக வர வேண்டும். "இன்னா வோணும்? குந்து, தர்றேன்" என்பார் கடைக்காரர், உங்களுக்கு அறுபது வயதானாலும். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, வீட்டு ஆளாக எடுத்துக்கொள்வது. நீங்கள் அண்ணா, அக்கா, ஆயா, பாய் என்று கூப்பிடுங்கள். "எக்ஸ்கியூஸ் மீ" சொன்னால் யாரும் திரும்ப மாட்டார்கள். கையேந்தி பவனில் வரிசை என்று ஒன்று கிடையாது, தட்டு யார் கைக்கு எட்டுகிறதோ அவருக்குத்தான். கொஞ்சம் குரல் கொடுங்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

பார்சல் வாங்குவதற்கு வீட்டிலிருந்து ஒரு தூக்கு கொண்டு போங்கள். 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை, அதையும் மீறி யாராவது சூடான சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது. காசிமேட்டுக் கருவாட்டை ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் இரண்டு மூன்று உறை போட்டு இறுகக் கட்டச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இறங்கும்போது படிவத்தில் மறக்காமல் எழுதிவிட வேண்டும். எழுதாமல் பிடிபட்டால் கட்டுகிற அபராதத்தில் இங்கே ஒரு வருடம் பிரியாணி சாப்பிடலாம்.