கிழமைக் கடன்களை ஒவ்வொன்றாக முடிப்பது எப்படி

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக இருக்கிறேன். கம்பனிகளிடம் கிழமைக்குக் கிழமை கட்டுகிற லோன் எடுத்து, கடன் முட்டி வருகிற பெண்களிடம் முதலில் கேட்பது ஒரு கொப்பி. அதில் எல்லாக் கடனையும் எழுத வேண்டும். லோன் மட்டும் போதாது. கடைக் கொப்பியில் நிற்கிற காசு, எடுத்து முடித்த சீட்டின் மிச்சக் கட்டு, அடைவில் இருக்கிற தோடு, அடுத்த வீட்டுக்காரிக்கு நீங்கள் வைத்த பிணைக் கையெழுத்து, எல்லாமே கடன்தான்.

அடுத்த பக்கத்தில் வருமானத்தை மாதவாரியாக எழுதுங்கள். சராசரி போட வேண்டாம். எங்கள் பக்கம் காலபோக (மழைக்கால நெல்) அறுவடை மாசி, பங்குனியில் காசு தரும். கார்த்திகை, மார்கழி மழையில் கூலி வேலை கிடைக்காது. ஆனால் லோன்காரர் மழை பார்த்து வருவதில்லை, ஒவ்வொரு கிழமையும் வருவார். அதனால் கிழமைக் கட்டுப்பணத்தை அறுவடை மாதத்து வருமானத்தோடு ஒப்பிடாதீர்கள். மார்கழியில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் உங்கள் அளவு.

வட்டியைக் கேட்கும்போது ஒரு கேள்வி முக்கியம்: முழு முதலுக்கா, குறைந்து வருகிற மீதிக்கா? 50,000 ரூபாய்க்கு 24 வீதம், முழு முதலுக்கு என்றால் வருட வட்டி 12,000. 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபாய். கேட்க இலேசாகத்தான் இருக்கும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், வட்டி மட்டும் 50,000க்கே ஓடுகிறது. மீதிக் கணக்கில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 44 வீதம். இதைக் கணக்குப் போட்டுக் காட்டும்போது எத்தனையோ முகங்கள் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துக்கு முன்னரே இதை எழுத்தில் கேளுங்கள்.

சரி, கையில் இருக்கிற காசை எதற்குக் கொடுப்பது? முதலில் அரிசி. அறுவடையில் வீட்டுச் சாப்பாட்டு நெல்லை ஒதுக்கிவிட்டே மிச்சத்தை விற்க வேண்டும், மலிவாக விற்ற நெல்லை மழைக்குள் அரிசியாக விலைக்கு வாங்குவது பெரிய நட்டம். கடைக்காரருக்குக் கொஞ்சமாவது கொடுத்துக்கொண்டிருங்கள், மழைக் காலத்தில் அரிசி, மா தருபவர் அவர்தான். அடைவு நகைக்குத் தவணை முடியுமுன் வட்டி கட்டிப் புதுப்பியுங்கள், விட்டால் ஏலத்துக்குப் போய்விடும். மிஞ்சுவதை வட்டி கூடின லோனுக்குப் போடுங்கள். ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐந்து, ஆறு கம்பனிகளுக்குள் அகப்பட்ட வீடுகள் பலவும் அப்படித்தான் தொடங்கின.

கட்ட முடியாது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்னரே போய்த் தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது கொப்பியைக் கொண்டு போங்கள், துணைக்கு ஒருவரையும் கூட்டிப் போங்கள். ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள். கம்பனி மத்திய வங்கியின் உரிமம் பெற்றதா என்றும் பாருங்கள். இப்படிச் சிறு கடன் கொடுக்கிற கம்பனிகளுக்கென்று 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற கம்பனி அச்சுறுத்தினால் மத்திய வங்கிக்கு முறைப்பாடு செய்யலாம்.

வெளிநாட்டிலிருந்து தம்பியோ தங்கச்சியோ காசு அனுப்பினால் எல்லாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல் ஒரு கடனை முழுதாக முடியுங்கள். அந்தக் கிழமைக் கட்டுப்பணம் அப்புறம் அடுத்த கடனுக்குப் போகட்டும். முடிந்ததும் கடன் தீர்ந்த கடிதத்தைக் கையோடு வாங்கி, கொப்பிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.