போர்ட்ரெய்ட்டுக்கு நீள லென்ஸ்: வாங்கும் முன் நிற்கிற இடத்தை அளந்து பாருங்கள்

“85 வாங்கட்டுமா, 135 வாங்கட்டுமா?” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். (இந்த எண்கள் மி.மீ.யில் லென்ஸின் ஃபோகல் லென்த். எண் கூடினால் குறைந்த இடமே ஃபிரேமில் அடையும், அது பெரிதாகத் தெரியும்.) எங்கே நின்று எடுக்கப்போகிறீர்கள்? வண்ணாரப்பேட்டைச் சந்திலா, எண்ணூர் முகத்துவாரத்திலா, வீட்டு மாடியிலா? பெரும்பாலும் பதில் வராது. லென்ஸின் விலை, எஃப் எண் (இது சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது), வீடியோவில் பார்த்த பிளர் என்கிற பின்னணி மங்கல் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். நிற்கப்போகும் இடத்தைப் பற்றி மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். நீள லென்ஸ் வாங்கி ஏமாறுவதில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

முகத்தை அழகாக்குவது லென்ஸ் என்று நம்புவது

18-ல் எடுத்தால் மூக்கு பெரிதாகும், 85-ல் எடுத்தால் முகம் அழகாக வரும் என்பார்கள். படத்தில் அப்படித்தான் தெரியும், ஆனால் காரணம் வேறு. 18-ல் முகம் ஃபிரேமை நிரப்ப வேண்டுமென்றால் ஆளின் மூக்குக்கு நேரே போய் நிற்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து காது வரை 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா ஒரு அடியில் இருந்தால் மூக்கு 30 செ.மீ. தொலைவில், காது 42 செ.மீ. தொலைவில். ஆகவே காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிகிறது. ஐந்தடி தள்ளிப் போனால் இந்த வித்தியாசம் 8 சதவீதமாகக் குறையும். பத்தடியில் 4. 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணக்கும் இதையேதான் சொன்னது: 12 அங்குலத்தில் எடுக்கிற செல்ஃபியில், 5 அடியில் எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது.

ஆக, முகத்தின் வடிவத்தை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம். அங்கே நின்றபடி எவ்வளவு இடத்தை ஃபிரேமுக்குள் அடைப்பது என்பது மட்டுமே லென்ஸின் வேலை.

இது புரிந்தால் இரண்டு குழப்பங்கள் தீரும். ஒன்று, “கிராப் பாடியில் (சிறிய சென்சார் உள்ள கேமராவில்) 50 போட்டால் 80 மாதிரி என்கிறார்கள், ஆனால் முகம் 50-ல் எடுத்தது மாதிரி கோணலாகத்தானே வரும்?” என்ற சந்தேகம். வராது. கேனான் கிராப் பாடியில் 50 போட்டுத் தலையும் தோளும் எடுக்க நாலரை அடியில் நிற்பீர்கள். ஃபுல் ஃபிரேமில், அதாவது பெரிய சென்சார் உள்ள கேமராவில், 85 போட்டாலும் ஏறக்குறைய அதே நாலரை அடிதான். முகம் ஒன்றேதான். இன்னொன்று, 85-க்கே இவ்வளவு அழகு என்றால் 200-க்கு இன்னும் அழகு வரும் என்ற கணக்கு. பத்தடிக்கு மேல் போனால் மூக்கும் காதும் ஏறக்குறைய ஒரே அளவில் பதியும், முகம் தட்டையாகும். ஒல்லியான முகத்துக்கு அது பொருந்தலாம். வட்ட முகக்காரர் இன்னும் அகலமாகத் தெரிவார், படத்தைப் பார்த்துவிட்டுக் குண்டாக்கிவிட்டாய் என்று உங்களைத்தான் திட்டுவார்.

சந்துக்குள் 135

வட சென்னையில் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓர் ஆளைத் தலையிலிருந்து கால் வரை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க, ஃபுல் ஃபிரேமில் 50-க்கு ஒன்பதடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும். 85-க்கு பதினைந்து, பதினாறு அடி. 135-க்கு இருபத்தைந்து. கையில் இருப்பது கேனான் கிராப் பாடி என்றால் 1.6-ஆல் பெருக்குங்கள்: 50-க்கே பதினைந்தடி, 85-க்கு இருபத்தைந்து, 135-க்கு நாற்பது. நிக்கான், சோனி கிராப் என்றால் பெருக்க வேண்டியது 1.5.

இப்போது உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஆட்டோ ஒன்று நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்துகள் எத்தனை! சந்தின் நீளத்தில் நாற்பதடி கிடைக்கும், உண்மைதான். அந்த நாற்பதடிக்குள் தண்ணீர்க் குடம், பைக், கோலம் போடும் அக்கா, பந்து விரட்டும் பசங்கள் எல்லாம் உண்டு. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒருவர் குறுக்கே போவார். வீட்டுக்குள் இன்னும் மோசம். பத்துக்குப் பத்து அறையில் கிராப் பாடியில் 85 போட்டால் தலையும் தோளும் எடுக்கவே எட்டடி வேண்டும். ஆளும் சுவரில் ஒட்டி நிற்க வேண்டும், நீங்களும் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காதுகுத்து என்று வீட்டு விசேஷம் எடுப்பவருக்கு என் பரிந்துரை, கிராப் பாடியில் 50 எஃப் 1.8. வேறு பேச்சே வேண்டாம். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் 55 முனையில் கிடைப்பது எஃப் 5.6. அதைவிட இது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். மண்டபத்தில் மேடைக்குக் கீழே நிற்க இடம் இருந்தால் 85 எடுத்துப் போகலாம். 135-ஐ மண்டபத்துக்குக் கொண்டுபோனால் தாலி கட்டும் நேரத்தில் உங்களுக்கும் மேடைக்கும் நடுவில் சித்தப்பா ஒருவர் எழுந்து நிற்பார். இது எழுதப்படாத விதி.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. 85 எஃப் 1.8 லென்ஸ்களில் பல, 80 செ.மீ.க்கு உள்ளே வந்தால் ஃபோகஸ் ஆகாது. மருதாணிக் கை, கொலுசு, ஜடை பில்லை என்று கிட்டப் போய் எடுக்க ஆசைப்பட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் 35 செ.மீ. வரை விடும்.

சுவரில் சாய்த்து வைத்துவிட்டு பிளர் தேடுவது

ஆளைச் சுவருக்கு ஒரு அடி முன்னால் நிறுத்துவார்கள். பின்னணி மங்கவில்லையே என்று எஃப் 1.4 லென்ஸுக்குப் பணம் சேர்ப்பார்கள். எளிய கணக்கு ஒன்று உண்டு. ஃபோகல் லென்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் திறப்பு வரும். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ. பின்னணி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அதிலிருக்கும் ஒரு புள்ளி, ஆளின் முகத்தோடு வைத்து அளந்தால், இந்தத் திறப்பைவிடப் பெரிதாக விரியாது. எவ்வளவு நெருங்கும் என்பது, ஆளுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்தடியில் நின்று எடுக்கும்போது சுவர் ஒரு அடி பின்னால் இருந்தால் அந்தப் புள்ளி சுமார் 8 மி.மீ. விரியும். நெற்றிப் பொட்டு அளவு. சுவரில் ஒட்டிய போஸ்டரின் எழுத்தைக்கூட வாசித்துவிடலாம். அதே லென்ஸ், அதே எஃப் எண், ஆனால் சுவர் பத்தடி பின்னால்: 31 மி.மீ. ஒரு கண்ணின் அகலம். போஸ்டர் வெறும் நிறமாகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லை, ஆளை நாலு எட்டு முன்னால் கூப்பிட்டீர்கள், அவ்வளவே.

இதே கணக்கு, பலர் அலமாரியில் தூங்கவிட்டிருக்கும் 55-250 ஜூமுக்கும் பொருந்தும். பாடியோடு சேர்த்து வாங்கியது, “எஃப் 5.6 தானே, போர்ட்ரெய்ட்டுக்கு ஆகாது” என்று ஒதுக்கியது. 250-ஐ 5.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 45 மி.மீ. வருகிறது. 85 எஃப் 1.8-க்கு 47. ஏறக்குறைய சமம்! ஒரே நிபந்தனை, கிராப் பாடியில் தலையும் தோளும் எடுக்க இருபத்திரண்டு, இருபத்துமூன்று அடி தள்ளி நிற்க வேண்டும், பின்னணியும் வெகு தூரத்தில் இருக்க வேண்டும். சந்தில் இது நடக்காது. பின்னணி பத்தடியில் இருந்தால் 45-க்குப் பதில் 14 மி.மீ.தான் கிடைக்கும். திருவொற்றியூர்க் கடற்கரையிலோ வியாசர்பாடி கால்பந்துத் திடலிலோ தாராளமாக நடக்கும். புது லென்ஸுக்குப் பணம் கட்டுமுன் ஒரு காலையில் இதை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போய்வாருங்கள்.

நீள லென்ஸுக்கென்றே அமைந்த இடங்களும் இந்தப் பக்கம் உண்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் வலை வீசுகிறவரை அருகில் போய் 35-ல் எடுத்தால், பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தீக்குச்சி அளவில் எங்கோ நிற்கும். முப்பது நாற்பதடி பின்வாங்கி 200-ல் எடுத்தால் அவர் ஃபிரேமில் அதே அளவில் இருப்பார், புகைபோக்கிகள் மட்டும் அவருக்குப் பின்னால் நெடுநெடுவென்று எழுந்து நிற்கும். இதைத்தான் கம்ப்ரெஷன் என்கிறார்கள். இதுவும் தூரத்தின் வேலைதான். ஆள் உங்களிடமிருந்து விலகியிருக்கிறார், புகைபோக்கிக்கு அந்த நாற்பதடி ஒரு பொருட்டே இல்லை.

எஃப் 1.8-ஐ வாங்கிவிட்டோம் என்பதற்காக எப்போதும் 1.8

ஃபுல் ஃபிரேமில் 85-ஐ 1.8-ல் வைத்து ஐந்தடியில் எடுத்தால் துல்லியமாக விழும் ஆழம் மூன்று செ.மீ.க்குச் சற்றே கூடுதல். முகம் லேசாகத் திரும்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்பின்னாக நின்றால் ஒருவர்தான் கிடைப்பார், யார் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்பது ஃபோகஸைப் பொறுத்தது. எஃப் 4-க்குப் போனால் ஏழரை செ.மீ. கிடைக்கும். பின்னணிக்கு வேண்டிய தூரத்தை முன்பே விட்டிருந்தால் 4-லும் அது போதுமான அளவு மங்கும்.

ஷட்டரைப் பற்றிச் சுருக்கமாக: 250-ஐக் கேனான் கிராப் பாடியில் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/400 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்றால், அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். சிரித்துத் தலையாட்டும் ஆளைப் பிடிக்காது.

தூரத்தில் நின்றால் கேண்டிட் (போஸ் கொடுக்காத இயல்பான படம்) என்று நினைப்பது

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 70-200 மாட்டிக்கொண்டு வந்து, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்து நின்று மீன் விற்கும் அம்மாக்களைச் சுடுகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். எனக்கு இது பிடிப்பதில்லை. இந்தப் பக்கத்து ஆட்களை ரவுடியாகவும் பாவப்பட்டவராகவும் காட்டிய கேமராக்கள் நிறைய வந்துபோய்விட்டன. தூரத்தில் லென்ஸ் நீண்டாலே இங்கே புருவம் உயரும். “இன்னா தம்பி, அங்கேருந்து எடுத்துனுக்கிற? கிட்ட வந்து கேட்டுட்டு எடு” என்று ஓர் அண்ணன் சொன்னால் அதில் கோபத்தைவிட நியாயம்தான் அதிகம்.

ஒழுக்கத்தை விடுங்கள், படத்துக்கே இது கெடுதல். முழு ஆளை 200-ல் எடுக்க ஃபுல் ஃபிரேமிலேயே முப்பத்தாறு அடி தள்ளி நிற்க வேண்டும். ஏலச் சத்தத்திலும் படகு இன்ஜின் சத்தத்திலும் “அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்பது அவர் காதில் விழாது. கத்தினால் முகம் இறுகிவிடும். 85-ல் நின்றால் பேசிக்கொண்டே எடுக்கலாம். மேலும் விடியலுக்கு முன் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் ஏலத்தில் எஃப் 5.6 ஜூம் திணறிப்போகும்.

நிதானமாக எடுக்க ஆசையென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். நேரமும் இருக்கும், பேச்சும் இருக்கும். நம் கடல் கிழக்கே பார்த்தது. கடலைப் பின்னணியாக வைத்தால் காலையில் ஆளின் முகம் இருட்டும், மாலையில் நகரத்துப் பக்கமிருந்து வெளிச்சம் முகத்தில் விழும். உச்சி வெயிலில் மட்டும் நீள லென்ஸை எடுக்காதீர்கள். சூடான சிமெண்ட் தரைக்கு மேல் காற்று அலையும், தூரத்தில் இருக்கும் கண்ணிமை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் கூர்மையாக வராமல் போகலாம். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்களும் உண்டு.

வாங்கும்போது

முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வாடகை எடுக்கவும் யோசனையாக இருந்தால், இருக்கும் ஜூமை 85-ல் நிறுத்தி, வளையத்தில் டேப் ஒட்டி, உங்கள் வழக்கமான இடங்களில் ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். போனில் எடுப்பவர்களும் இதைச் செய்யலாம். 1x-ல் கிட்டப் போவதற்குப் பதில் 2x அல்லது 3x-ஐத் தொட்டுவிட்டு ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள்.

பாரிமுனைப் பக்கம் பழைய லென்ஸ் பார்க்கப் போனால் போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே வெள்ளை நூல் மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊர் இது, நல்ல லென்ஸையும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். நிக்கான்காரர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 85 எஃப் 1.8டி மாதிரியான பழைய டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 போன்ற பாடிகளிலும் கிடையாது. மாட்டினால் மாட்டும், ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. உங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோய், கடைவாசலிலேயே மாட்டி, தெருவில் போகிற வருகிறவர்கள் மேல் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.